இப்ப நல்லாத்தானே ஓடுது?

முழுதாகச் செத்துப்போன கம்ப்யூட்டரால் பெரிய உபத்திரவம் கிடையாது. கடையில் கொண்டுபோய் வைத்தால் எது போச்சோ அதை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது என்கிற ரகம்தான் மனுஷனைப் பாடாய்ப் படுத்தும். கோயமுத்தூரில் மார்கழிக் குளிர் ஆரம்பித்த வாரத்தில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் இந்த ரகத்தில் போய்ச் சேர்ந்தது.

காலையில் பட்டனை அமுக்கினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நிற்கும். லைட் ஒரு தடவை கண்ணடிக்கும். அடுத்த அமுக்குக்கு அதுவும் கிடையாது. கடைத் தம்பிக்குப் போன் போட்டால், பாவம், பதினொரு மணிக்கு வந்துவிடுவார். அவர் விரல் பட்ட மாத்திரத்தில் 'பீப்' என்று ஒரு சத்தம். விண்டோஸ் பல்லிளித்துக்கொண்டு வந்து நிற்கும். டாக்டர் வீட்டு வாசற்படி மிதித்ததும் இறங்கிவிடுகிற காய்ச்சல் மாதிரி.

"இப்ப நல்லாத்தானே ஓடுதுங்க சார்?"

அந்தக் கேள்வியில் இருக்கிற 'பெரியவரே, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க' என்கிற அக்கறைக்குத் தனியாக சர்வீஸ் சார்ஜ் கேட்கவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை.

இப்படிப்பட்ட கோளாறுக்கு ஒரு விசேஷம் உண்டு. யார் வைத்தியம் பார்த்தாலும் குணமாகும். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் பேரனுடைய ரப்பரோடு வந்தார். ராமைக் கழற்றி, கீழ்விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கமுலாம் பூசிய பற்களை, பரீட்சைப் பேப்பரில் தப்பு விடையை அழிப்பது போன்ற கண்டிப்போடு தேய்த்தார். சும்மா சொல்லக்கூடாது, ரப்பர் வைத்தியம் மரியாதைக்குரிய வைத்தியம்தான். அந்தப் பற்களில் படிகிற அழுக்கால் எத்தனையோ மெஷின் டிஸ்ப்ளே வராமல் படுத்திருக்கிறது. தேய்த்து, 'டக்' என்று இரண்டு பக்கக் கொக்கியும் விழுகிற வரை அமுக்கி மாட்டினார். ஓடியது. "ராம்தான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு ரப்பரைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பழைய குருடி.

மச்சான் போனிலேயே, "ஒரு ஃபார்மேட் போட்டுருங்க மாமா" என்றார். உயிரே வராத மெஷினுக்கு எப்படி ஃபார்மேட் போடுவது என்று கேட்டால், அது சின்ன விஷயம் என்கிற மாதிரி வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அப்புறம் சீமாஸ் பேட்டரி. மதர்போர்டில் பதிந்திருக்கும் அந்தக் காசு சைஸ் பேட்டரியின் ஜாதகம் அதன் முதுகிலேயே இருக்கிறது: சிஆர்2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. அது தீர்ந்தால் கடிகாரம்தான் தேதி மறந்து உளறும். இருந்தாலும் மாற்றினோம், ஓடியது. மாமனார் மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பச் சொன்னார். திருப்பினோம், அதற்கும் ஓடியது. ஒவ்வொருவர் கையும் ராசியான கை. அத்தனை பேர் வைத்தியத்தையும் சாயங்காலம் வரை பொறுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் மெஷின் தவறாமல் பொய்யாக்கியது.

அம்மா மட்டும் விபூதியைப் பூசிவிட்டு, "சித்த நேரம் சும்மா உடு கண்ணு. அதுக்கும் குளுருமல்ல?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

கடைசியில் தம்பிக்கே ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாள் ஆறரை மணிக்கே, மங்கி குல்லாவோடு வந்து நின்றார். அமுக்கினார். அரைச் சுற்று. கண்ணடிப்பு. அவ்வளவுதான். ஒரு மெஷின் ஓடாததைப் பார்த்து ஒருவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைப் பிடுங்கினார். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி யூ வடிவில் வளைத்து, பச்சை ஒயர் துளையில் ஒரு காலும் பக்கத்துக் கறுப்பில் மறு காலும் செருகினார். பட்டனை அமுக்கினால் நடப்பதும் இதுதானாம். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற டப்பாவான எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் விக்கியது, நின்றது.

"எஸ்எம்பிஎஸ்தானுங்க சார். ஸ்டாண்ட்பை போச்சு."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாலும் பிளக்கில் கரண்ட் இருக்கிற வரை எஸ்எம்பிஎஸ் முழுசாகத் தூங்குவதில்லை. ஸ்டாண்ட்பை என்று ஒரு 5 வோல்ட் லைனை மட்டும் விழித்திருக்க விடும். நாம் பட்டனை அமுக்குவதைக் கேட்டு எழுப்பிவிடுகிற வாட்ச்மேன் அதுதான். அந்த லைனில் இருக்கும் குட்டிக் கெப்பாசிட்டர்களுக்குள் திரவம் இருக்கும். வருஷக் கணக்கில் சூட்டில் கிடந்து அது வற்றிப்போனால், குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யாது. கொஞ்ச நேரம் கரண்டில் ஊறிச் சூடேறினால் ஏதோ தள்ளும். தம்பி வருகிற பதினொரு மணிக்குள், வாத்தியார் ரப்பர் தேடி எடுக்கிற நேரத்துக்குள், நான் காலையில் போட்ட ஸ்விட்ச் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கும்.

"நைட்ல பிளக்க ஆஃப் பண்றீங்களாங்க?"

ஒன்பதரை மணிக்கு கேஸ், மோட்டார், டிவி, கம்ப்யூட்டர் என்று வீட்டையே வலம் வந்து ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் அம்மா படுப்பாள். நோய்க்குக் காரணமும் சரியான மருந்தும் ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "நாந்தான் சொன்னனே" என்று காபி கலக்கப் போனாள்.

பழைய டப்பாவைத் திறந்து பார்க்கலாமா என்றேன். தம்பி தடுத்துவிட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாமாம். கடையில் வைத்து, சார்ஜை இறக்கிவிட்டுத் திறந்து போட்டோ அனுப்பினார்: தலை உப்பி, மேலே பழுப்பாகக் கசிந்த இரண்டு கெப்பாசிட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் குளிரோ வெயிலோ முதல் அமுக்கிலேயே ஓடுகிறது. வாத்தியார் வந்து பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"ராமை அன்னைக்கே நல்லாத் தொடச்சு வெச்சனல்லங்க, அதான் புதுசு உடனே புடிச்சுக்கிச்சு."