பேய் பிடிக்கப் போனவனும் ஆட்டு மணியும்

மகளைக் காணோம்னு பதறிப் புறப்பட்ட மனுசன், வழியில கண்ட சாராயக் கடையில எல்லாம் உக்காந்து சீட்டு ஆடுவானாலே பேராண்டி? கெரால்ட் ஆடுதான். தலை பூரா நரை, முதுகுல ரெண்டு வாளு, கூலி வாங்கிக்கிட்டுப் பேய் பிசாசைக் கொல்லுறது தொழிலு. வளர்த்த பிள்ளை சிரியைப் பிடிக்கிறதுக்கு ஒரு பேய்ப்படையே குதிரையில அலையுது. இன்னைக்குப் பிந்தினா அவ கதை முடிஞ்சுதுன்னு ஆளாளுக்குச் சொல்லுதாங்க. இவன் என்னடான்னா குதிரைப் பந்தயம் ஓடுதான், துட்டு கட்டிக் குத்துச்சண்டை போடுதான், முடி வெட்டிக்கிடுதான். நாள் போகப் போகத் தாடி அதுபாட்டுக்கு வளருது. அதையும் மழிச்சாச்சு. மகளை மட்டும் இன்னும் காணல.

உன் அண்ணன் இதை ஆடும்போதெல்லாம் பின்னால கட்டில்ல கெடந்தது நான்தான். கண்ணை மூடிக் கெடந்தா கெழவன் தூங்குதான்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டா நான் என்ன செய்ய? இப்ப நீயும் 'தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்' வாங்கப் போறியாமே. கெட்ட ஆட்டமா இருந்தா வாயைத் தொறக்க மாட்டேன். நாலு நாள்ல நீயே மூடி வச்சிருவே. இது நல்ல ஆட்டம். அதான் பயமா இருக்கு.

போலந்து நாட்டு வார்சாக்காரங்க பண்ணினது. சிடி ப்ராஜெக்ட்னு 1994-ல ரெண்டு சேக்காளிங்க தொடங்கின கம்பெனி. மொதல்ல வெளியூர் ஆட்டத்தைத் தங்க பாஷைக்கு மாத்தி வித்துக்கிட்டு இருந்தாங்க. பெறவு நாமளே ஒண்ணு பண்ணினா என்னன்னு அந்த ஊர் எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி கதையைக் கையில எடுத்தாங்க. 2007-ல ஒண்ணு, 2011-ல இன்னொண்ணு, 2015 மே 19-ல இந்த மூணாவது. அந்த வருசம் 'தி கேம் அவார்ட்ஸ்'ல சிறந்த ஆட்டம்னு பரிசு வாங்குச்சு. 2023-க்குள்ள 5 கோடிப் பிரதிக்கு மேல வித்திருக்கு.

கதை எழுதின மனுசன் பாடுதான் கொஞ்சம் வேடிக்கை. லாபத்துல பங்கு வேணுமா, ரொக்கம் வேணுமான்னு கேட்டதுக்கு, இதெல்லாம் எங்க ஓடப்போகுதுன்னு ரொக்கத்தை வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. சுமார் 35,000 ஸ்லாட்டி. ஆட்டம் ஓடின ஓட்டத்தைப் பாத்துட்டு 2018-ல வக்கீல் மூலமா 6 கோடி ஸ்லாட்டி கேட்டாரு. கம்பெனி முறைச்சுது. 2019 டிசம்பர்ல புது ஒப்பந்தம் போட்டு ராசியாயிட்டாங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால என்னைய மாதிரி ஒரு கெழவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, ஆட்டத்துக்கு வாறேன். இதுல சண்டையைப் பத்தித்தான் எல்லாவனும் பேசுதான். மனுசனுக்கு எஃகு வாளு, பிசாசுக்கு வெள்ளி வாளு, கைவிரலை மடக்கினா தீ வரும், காத்து வரும். இருக்கட்டும், அதெல்லாம் எந்த ஆட்டத்துலயும் ஏதோ ஒரு ரூபத்துல உண்டு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் காதைத் தொறந்து வச்சது இதோட ஊர்ப் பஞ்சாயத்துக்காக. ஆரம்பத்துல ஒயிட் ஆர்ச்சர்டுன்னு ஒரு ஊரு வரும். அங்கன ஒரு கெழவி பூட்டின குடிசைக்கு முன்னால நின்னு புலம்புவா. என்னன்னு கேட்டா, யாரோ வெளியூர்க்காரன் அவ வாணாச்சட்டியை இரவல் வாங்கிட்டுப் போனான், திருப்பித் தரலை. நம்ம வீரன் மந்திரத்தால கதவைத் தகர்த்துட்டு உள்ள போறான். பாத்தா, நடக்கக் கூடாதது என்னமோ நடந்து முடிஞ்ச அடையாளம். எரிஞ்ச காயிதம், ஒத்தைக் கண்ணாடி. ராச்சியத்தோட ரகசியமே அங்கன சாம்பலாக் கெடக்கு. கெழவிக்கு அதுல சோலியே இல்லை. சட்டி கெடைச்சுதா இல்லையா? இந்த ஒரு கெழவிக்காகவே அந்த வார்சாப் பயலுகளுக்கு மோர் ஊத்திக் குடுப்பேன்.

அதே ஊருல பாழடைஞ்ச வீடுகளுக்கு நடுவுல ஒரு கிணறு. உச்சிப்பொழுதுக்கு அங்கன ஒரு பொம்பளைப் பேய் சுத்தும். அந்தப் பக்கத்துக் கிராமத்துக் கதைகள்ல வயக்காட்டுல நட்ட நடு வெயில்ல அலையுற பெண்பேய் ரொம்பக் காலமா உண்டு. உன்னைய உச்சி வேளையில கிணத்துப் பக்கம் போகாதேன்னு உன் ஆச்சி ஏசுனது மாதிரி, அங்கயும் எவளோ ஒரு ஆச்சி ஏசியிருக்கா பாத்துக்கோ. வாளை மட்டும் வீசினா அந்தப் பேய் அடங்காது. அவ யாரு, யார் கையில செத்தா, எது அவளை இன்னும் அந்த இடத்துல கட்டி வச்சிருக்குன்னு விசாரிச்சு, கிணத்துக்குள்ள எறங்கி அவ கைவளையத்தைத் தேடி எடுத்து, எலும்போட சேத்து எரிக்கணும். பெறவுதான் சண்டை. மண்ணுல மந்திர வட்டம் போட்டு அதுக்குள்ள இழுத்தாத்தான் அடி உறைக்கும். கூலி பேசும்போது கொஞ்சம் கூட்டிக் கேக்கலாம். கேக்குற எடத்துல எதிராளிக்குக் கோவம் ஏறுறதைக் காட்ட ஒரு கோடு நீளும். சந்தையில அந்தக் கோடு மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் இன்னேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்.

இன்னொரு இடத்துல, உலகமே பயப்படுற இந்தப் பேய்க்கொல்லி ஒரு மந்திரவாதியோட ஆட்டைத் தேடிப் போறான். ஆட்டுக்குப் பேரு இளவரசி. கையில ஒரு மணியைக் குடுத்துட்டான். மணியை ஆட்டினா ஆடு வரும், நிறுத்தினா நின்னு புல்லு மேயும். வழியில ஒரு கரடி வேற. பேய்க்கொல்லியா இருந்தாலும் ஆட்டுக்கு ஆள் ஒண்ணுதான்னு அந்த எடத்துல எனக்குச் சிரிப்பு தாங்கலை. அப்பவே நான் முழிச்சிருக்கேன்னு உன் அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலை, கோட்டிக்காரன்.

ஆட்டைத் தேடச் சொன்னதுக்குப் பின்னால இருக்கிற கதை சிரிக்கிற கதை இல்லை. வெலென்னு ஒரு சதுப்புக்காடு, போர் மிதிச்சுப் போட்ட நாடு. அங்கன 'பிளடி பாரன்'னு ஒரு குட்டி ராசா. தொப்பையைத் தடவிக்கிட்டுச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவான். பொண்டாட்டியையும் மகளையும் காணோம், தேடிக் குடுத்தா உன் மக சங்கதி சொல்லுதேங்கான். பாவமேன்னு அந்த ஆட்டுக்கார மந்திரவாதிகிட்ட விசாரிச்சுத் தேடினா ஒவ்வொண்ணா வெளிய வருது. குடிச்சுட்டு அடிச்சிருக்கான். அதுல வயித்துப் பிள்ளை போயிருக்கு. பேர் வைக்காமப் புதைச்ச அந்தப் பிண்டம் குழியில இருந்து எந்திரிச்சு வந்துருது. வெட்டிப் போட்டுட்டு நடையைக் கட்டலாம். இல்லன்னா அந்தக் குடிகாரன் கையிலயே தூக்கிக் குடுத்து, ராத்திரியில அவன் வீட்டு வாசப்படி வரைக்கும் நடக்க வைக்கலாம். நடக்க நடக்க அது சீறும். நீ கூடவே நடந்து மந்திரத்தால அதை அமத்தணும். வாசல்ல குழி தோண்டி, தன் பிள்ளைதான்னு ஏத்துக்கிட்டு, பேர் சொல்லிப் புதைக்கான். அன்னைக்கு ராத்திரி உன் அண்ணன் சோத்துக்குக் கூப்பிட்டும் வரலை. எனக்கு அந்த ஆளை மன்னிக்க மனசில்லைலே. அழுதுட்டா அடிச்சது இல்லன்னு ஆயிருமா? ஆட்டமும் ஆகும்னு சொல்லலை. தீர்ப்பை உன் தலையில கட்டிட்டு ஒதுங்கிக்கிடுது. அப்படித்தான் ஒரு மரத்தடிப் பேயை விடவா கொல்லவான்னு ஒரு இடம் வரும். எதைச் செஞ்சாலும் ஒரு பக்கம் சாவு, அதுவும் பல மணி நேரம் கழிச்சுத்தான் தெரியவரும்.

இனி ஏச்சு. ஒரு பெட்டியைத் தொறக்கணும், பக்கத்துல மெழுகுவத்தி இருக்குன்னு வச்சுக்கோ. பட்டனை அமுக்கினா மெழுகுவத்தியை ஏத்துதான். திரும்ப அமுக்கினா அணைக்கான். ஏத்துதான், அணைக்கான். பெட்டி அப்படியே கெடக்கு. ஆகாசத்துல பறக்குற கிரிஃபினைக் கொன்னவனுக்கு ஒரு விளக்கைத் தாண்டிக் கையை நீட்டத் தெரியலை. திரும்பி நிக்கவே முச்சந்தி அளவு இடம் வேணும் அவனுக்கு. ஊர் பூரா ஏசின பெறவு, நடைக்கு இன்னொரு முறையை அந்த வருசமே சேத்துக் குடுத்தாங்க. சவத்துக் குதிரை ரோச் அதுக்கு மேல. சீட்டி அடிச்சா வரும். எங்க வரும்னு கேக்காதே. ஒருக்க கூரை மேல நின்னுச்சு. முழங்கால் உயர வேலியைக் கண்டாலும் நின்னுரும்.

களவு சங்கதி இன்னும் கேவலம். பஞ்சம் பிடிச்ச வெலென்ல வீட்டுக்காரி பாத்துக்கிட்டே நிக்கா, இவன் அவ பெட்டியைத் தொறந்து ரொட்டி, நூலு, உடைஞ்ச சீப்பு எல்லாத்தையும் அள்ளுதான். அவ ஒரு வார்த்தை கேக்கல. காவக்காரன் பக்கத்துல இருந்தாத்தான் சண்டை. இவ்வளவு நியாயம் பேசுற கதையில இதை எவனும் யோசிக்கலையே! அள்ளின குப்பையில பாரம் கூடி, ஓட முடியாம நொண்டுவான். விக்கப் போனா கிராமத்துக் கடைக்காரன்கிட்ட துட்டு இருக்காது. லெவல்னு ஒரு எளவு வேற: அருமையான வாளு கெடைக்கும், தூக்க உனக்கு லெவல் பத்தாதும்பான். கந்தல் கட்டின வழிப்பறிக்காரன் லெவல் கூடினவனா இருந்தா, கிரிஃபினைக் கொன்ன வாளு அவன் தோளுல உரசிட்டுத்தான் வரும். விசாரணை விசாரணைன்னு பெருமையாச் சொன்னேனே, அதுலயும் பாதி நேரம் செவப்பாத் தெரியுற தடத்தைப் பாத்து நடக்குறதுதான்.

நோவிகிராட் நகரத்துல கதை தெருத்தெருவா இழுபடும். தலைப்புலயே இருக்கிற அந்தப் பேய்ப்படையோட ராசா எரெடின், வாணாச்சட்டிக் கெழவி பேசின அளவுகூட மனசுல நிக்க மாட்டான். ரெண்டும் மெய். சொல்லியாச்சு.

ஆனா பெரிய குத்தம் மேப்புதான். மேப்பு பூரா கேள்விக்குறியைத் தெளிச்சு விட்டிருக்கான். ஸ்கெலிகேன்னு தீவுக்கூட்டம், அதைச் சுத்தி நடுக்கடல்ல மட்டும் எத்தனை கேள்விக்குறி! படகை ஓட்டிக்கிட்டுப் போனா மெதக்குற பீப்பாய், முங்கினா பெட்டி, தொறந்தா குப்பை. உன் அண்ணன் அத்தனையையும் ஒண்ணு விடாமத் தொறந்தான். ஏன்லேன்னு கேட்டா, இருக்குல்ல தாத்தாங்கான். 2022 டிசம்பர் 14-ல இந்த ஆட்டத்தைப் புதுப்பிச்சு, ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு இனாமாக் குடுத்தாங்க. அதுல அந்தக் கேள்விக்குறிகளை மறைச்சு வச்ச மேப்பை முதல்லயே வச்சுட்டாங்க. உயரத்துல இருந்து விழுந்தா பொசுக்குனு சாகுறதும் அப்பத்தான் கொஞ்சம் கொறைஞ்சுது. நீ அந்த மேப்பை மாத்தாதே. மூலையில சுத்துற சின்ன மேப்பையும் அமைப்புல போயி அமத்திரு. வழி கேட்டுப் போ. ஊர்ப் பலகையில ஒட்டியிருக்கிற காயிதத்தைப் படிச்சுட்டுப் போ.

க்வெண்ட் சீட்டை மட்டும் ஏச மாட்டேன். மூணு சுத்துல ரெண்டு ஜெயிக்கணும். ஒற்றன்னு ஒரு சீட்டு இருக்கு. அதை எதிராளி பக்கமே போடணும். அவனுக்குப் புள்ளி ஏறும், அவன் மீசையைத் தடவிக்கிடுவான். நீ பேசாம கட்டுல இருந்து ரெண்டு சீட்டை உருவிக்கிடலாம். முதல் சுத்தை வேணும்னே தோத்துக் குடுத்து அவன் நல்ல சீட்டை எல்லாம் வெளிய இழுத்துட்டா, மத்த ரெண்டும் உனக்குத்தான். உன் அண்ணன் தூங்கி எந்திரிச்சுப் பாத்தா கட்டுல புதுச் சீட்டு சேந்திருக்குன்னு ரொம்ப நாளாக் குழம்புதான். நீ ஒண்ணும் சொல்லாதே.

சிரி கெடைச்ச பெறவு ஒரு சூட்சுமம். ஆட்டத்தோட முடிவு நீ எத்தனை பேயைக் கொன்னேங்கிறதுல இல்லை. அவ மனசு உடைஞ்சு உக்காந்திருக்கும்போது சாராயத்தை ஊத்திக் குடுத்தியா, வெளிய கூட்டிட்டுப் போயிப் பனியை உருட்டி எறிஞ்சு விளையாடினியாங்கிறதுல இருக்கு. பெரிய மனுசிங்க கூட்டத்துக்கு அவ போகும்போது நானும் வாறேன்னு கூடப் போகாதே. அவளைத் தனியாப் பேச விடு. மிச்சத்தை நீயே பாத்துக்கோ.

வாங்கும்போது கம்ப்ளீட் எடிஷனா வாங்கு. 2015 அக்டோபர்ல வந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்', 2016 மே-ல வந்த 'ப்ளட் அண்ட் வைன்' ரெண்டு தொடர்கதையும் அதுக்குள்ள உண்டு. முதல்ல உள்ளதுல கண்ணாடி விக்கிற காண்டர் ஓ'டிம்னு ஒரு ஆளு வாறான். எரெடின் படையே அவன் ஒருத்தனுக்கு ஈடில்லை. சாராயக் கடையில பேச்சுக்குக் குறுக்க ஒரு குடிகாரன் வந்தான்னு, காலத்தையே நிறுத்திட்டு, பைய எந்திரிச்சுப் போயி அவன் கண்ணுல கரண்டியைச் சொருகுதான் பாரு, சத்தமே இல்லாம! ரெண்டாவதுல கெரால்ட்டுக்குத் திராட்சைத் தோட்டமும் வீடும் கணக்குப்பிள்ளையும் கெடைக்கும். அந்த வயசுக்கு அதுதான் சரி.

கடைசியா ஒண்ணு. ஒயிட் ஆர்ச்சர்டுல மாடு மேயும். அதை வெட்டித் தோலை வித்து, உக்காந்து தியானம் பண்ணி எந்திரிச்சா மாடு திரும்ப முளைச்சிருக்கும். திரும்ப வெட்டு, திரும்ப வில்லுன்னு ஆரம்பத்துல பல பேரு துட்டு சேத்தானுக. கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்'ல ஒரு வரி அதிகாரியை விட்டு, மாட்டுத்தோல் வித்த கணக்கைக் கேக்க வச்சான். அதுக்கும் முன்னாலயே, மாட்டை வரிசையா வெட்டினா சோர்ட்னு கொம்பு வச்ச பிசாசு ஒண்ணு பாஞ்சு வர்ற மாதிரி மாத்திட்டான். அந்த ஊருல நிக்கும்போது உனக்கு லெவல் ரெண்டோ மூணோதான் இருக்கும். மாட்டு மேல கையை வைக்காதே.