விழ விடாத கருணை

இந்தியக் கால்பந்தை உயர்த்த வந்த பெருந்தனக்காரர்களே, இந்தியன் சூப்பர் லீக்கை (ஐஎஸ்எல்) நடத்தியவர்களே, அதில் அணி வைத்திருப்பவர்களே! உங்களைப் பாராட்டி ஒரு மடல் எழுதுவது என் நெடுநாள் கடன். கோப்பை வழங்கும் மேடையில் உங்களைப் பாராட்டுகிறவர்கள் நீங்கள் அழைத்து வந்தவர்கள். நான் பாளையங்கோட்டைக்காரன். சந்தா கட்டி ஆட்டம் பார்க்கிறவன். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து போய், சென்னை நேரு விளையாட்டரங்கில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கித் தொண்டை வற்றக் கத்தியவன். உங்களிடம் எனக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. ஆகவே இந்தப் பாராட்டை நீங்கள் நம்பலாம்.

முதலில் உங்கள் கருணை. கால்பந்தில் கடைசி இடத்துக்கு ஒரு தண்டனை உண்டு. தோற்றவன் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும். இங்கிலாந்தில் லூட்டன் டவுன் என்ற சிறு கிளப் 2014இல் ஐந்தாம் படியில் இருந்தது. ஆடி ஆடியே மேலேறி 2023இல் பிரீமியர் லீக்கைத் தொட்டது. 2024இல் இறங்கியது, 2025இல் மறுபடியும் இறங்கியது. அந்த ஊர் ரசிகனின் நெஞ்சு பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். நீங்கள் நம்மை அதிலிருந்து காத்தீர்கள். 2014 முதல் 2024–25 வரை 11 சீசன்கள்; தோற்றதற்காக ஒரு அணியைக்கூட நீங்கள் கீழே அனுப்பவில்லை. 2021–22இல் ஈஸ்ட் பெங்கால் 20 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்று கடைசியில் நின்றது. 2023–24இல் ஹைதராபாத் எஃப்சி 22 ஆட்டங்களில் ஒன்றில் வென்றது. இரண்டு அணிகளும் அடுத்த ஆண்டு அதே வெளிச்சத்தில், அதே மேடையில் நின்றன. விழுந்தவனைக் கைவிடாத இந்த மனம் இங்கிலாந்தில் உண்டா?

இந்தக் கருணையை யாருக்குக் காட்ட வேண்டும் என்பதிலும் நீங்கள் தெளிவாக இருந்தீர்கள். கீழே இருந்த ஐ-லீக்கில் தண்டனை தண்டனையாகவே நீடித்தது. 2023–24இல் மணிப்பூரின் நெரோகா, ட்ராவ் ஆகிய இரண்டு அணிகளும் கீழே இறக்கப்பட்டன. சொந்த மாநிலம் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்ததால் தங்கள் 'உள்ளூர்' ஆட்டங்களைக்கூட அவை வெளி மாநிலங்களில்தான் ஆடின. வீடு இழந்தவனுக்கு விதி, பணம் உள்ளவனுக்குப் பரிவு. இவ்வளவு தெளிவான பகுப்பு எளிதில் அமையாது.

ஐரோப்பாவின் பணக்காரக் கிளப்புகள் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் 18 அன்று 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து, தாங்கள் மட்டும் எந்நாளும் வெளியேறாத ஒரு சூப்பர் லீக்கை அறிவித்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின, திட்டம் சரிந்தது. ரியல் மாட்ரிட்டாலும் மான்செஸ்டர் யுனைடெட்டாலும் முடியாததை நீங்கள் 2014லேயே முடித்துவிட்டீர்கள். ஒரு கல் எறியப்படவில்லை. அந்தச் சூப்பர் லீக்கைக் கண்டித்து நாமும் நம் செல்பேசியில் கோபமாக எழுதினோம். எழுதிவிட்டு, நம் வீட்டுச் சூப்பர் லீக்கின் அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்தோம். எங்களை அந்த அளவுக்குப் பழக்கியது உங்கள் திறமை.

அடுத்து உங்கள் நீதி. 2018–19 சீசனைத் தமிழ்நாட்டு ரசிகன் யாரும் மறக்க முடியாது. கோவை நேரு விளையாட்டரங்கைத் தாய்மண்ணாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி, சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ் ஐ-லீக்கை வென்றது. பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என்று வீழ்த்தி 43 புள்ளிகளோடு முடித்தபோது, ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளியில் நின்றது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் நாட்டின் லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. அடுத்த மாதம் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பைக் காலிறுதியில், அதே ஆண்டின் ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரு எஃப்சியையும் 2–1 என்று வென்றது. மே மாதம் மதுரையின் சேது எஃப்சி பெண்கள் இந்திய மகளிர் லீக்கை வென்றார்கள். தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அதைப்போல ஒரு வசந்தத்தை நான் பார்த்ததில்லை.

அதே சீசனில் நம் மாநிலத்தின் இன்னொரு அணியான சென்னையின் எஃப்சி, ஐஎஸ்எல்லில் 18 ஆட்டங்களில் இரண்டை வென்று கடைசி இடத்தில் முடித்தது. நான் கத்தி ஆதரித்த அணி அதுதான். இரண்டு முறை சாம்பியனான அணி; அதன் மீது இன்றும் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் கால்பந்தின் வழக்கப்படி அந்த ஆண்டு என்ன நடந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். வென்றவன் ஏறுவான், தோற்றவன் இறங்குவான். உங்கள் நீதி அதைவிட நுட்பமானது. அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஐஎஸ்எல் நாட்டின் முதல் லீக்காக உறுதிசெய்யப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் இடத்துக்குப் போனது. அணியை இறக்குவதற்குப் பதிலாக, வென்ற அணி நின்ற லீக்கையே இறக்கிவிட்டீர்கள். கோப்பை கையில் இருக்க, கோப்பையின் மதிப்பு மட்டும் பறிபோனது. மைதானத்தில் வென்ற அணியையும் மேசையில் தோற்கடிக்கலாம் என்று நாங்கள் கற்றது அன்றுதான்.

ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 2019இல் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்காக 2020 ஜனவரியில் பஹ்ரைன் வரை போய் ரிஃபா அணியோடு ஆடித் தோற்றது நம் அணி. 2021–22 சீசன் வந்தபோது, உரிம நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாத அந்தக் கிளப்பின் பெயரே ஐ-லீக் பட்டியலில் இல்லை. கோப்பை வென்று மூன்று ஆண்டு முடிவதற்குள் ஒரு சாம்பியன் காணாமல் போனது. கிளப் நிர்வாகத்தின் தவறும் அதில் இருக்கலாம். ஆனால் உச்சி லீக்கில் இல்லாத அணிக்கு எந்த விளம்பரதாரர் வருவார்? எந்தத் தொலைக்காட்சி வரும்? ஏற வழியில்லாத ஏணியில் எவ்வளவு நாள் ஒருவன் காலை ஊன்றி நிற்பான்? சூசைராஜும் எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் ரொமாரியோ ஜேசுராஜும் இந்தக் கிளப்பில் ஆடித்தான் பிறகு ஐஎஸ்எல்லுக்குப் போனார்கள். அவர்கள் ஏறிய படியை எடுத்துவிட்டதன் மூலம், அவர்களுக்குப் பின்னால் கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டீர்கள்.

பழமையை மதிப்பதிலும் உங்களுக்கு நிகரில்லை. 1889இல் பிறந்து, 1911இல் வெள்ளைக்காரப் படையணியை வென்று ஐஎஃப்ஏ ஷீல்டைத் தூக்கிய மோகன் பகானுக்கு, 2020இல் உங்கள் லீக்கில் இடம் தந்தீர்கள். ஆறு வயது ஏடிகேயின் பெயரை அதன் நெற்றியில் ஒட்டித் தந்தீர்கள். அந்த மூன்று எழுத்தை அகற்ற அதன் ரசிகர்கள் மூன்று ஆண்டு போராட வேண்டியிருந்தது. பணம் போட்டவர் பெயர் முன்னால், வரலாறு பின்னால் என்ற ஒழுங்கை நாடு உங்களிடம்தான் கற்றது.

2023இல் நீங்கள் ஒரு கதவைத் திறந்ததையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் இந்த மடல் நேர்மையாகாது. ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் எஃப்சி அந்த ஆண்டும், முகமதன் ஸ்போர்ட்டிங் 2024லும் ஆடி வென்றே உள்ளே வந்தன. முகமதன் முதல் சீசனிலேயே கடைசி இடத்தில் முடித்தது. பத்து ஆண்டு பணம் குவித்த வீட்டுக்குள் நேற்று வந்தவன் எங்கே உட்கார முடியும் என்பதை அந்தப் பட்டியல் காட்டியது. நல்ல புல்தரை, விளக்கு, மாதச் சம்பளம், வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் நீங்கள் கொண்டுவந்தவைதான், அவற்றுக்கு நன்றி. மதில் சுவர் எழுப்பியதும் நீங்கள்தான்.

இனி எங்கள் பள்ளத்தாக்குக்கு நீங்கள் செய்த பேருதவி. பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை இந்தத் தாமிரபரணி ஆற்றங்கரையில் கால்பந்து ஆடாத ஊர் குறைவு. மிஷன் பள்ளிகளின் மைதானங்களில் மாலைதோறும் புழுதி எழும். கோடை விடுமுறையில் நாக்-அவுட் போட்டி. நோட்டீசில் மளிகைக் கடைக்காரர் பெயரும் ஜவுளிக்கடைக்காரர் பெயரும் இருக்கும். யாரோ ஒருவர் தன் தகப்பனார் நினைவாகச் சுழற்கோப்பை தருவார். வெளியூர் 'கெஸ்ட்' ஆட்டக்காரருக்கு பஸ் காசும் பிரியாணியும். பதினாறு வயதில் இடது காலால் மூலையைத் தொடும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் அவர்களைக் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸிலும் பார்த்திருக்கிறேன். நடுவில் அவர்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. சென்னை அணியின் அரங்கம் 600 கிலோமீட்டருக்கு அப்பால். தாழையூத்து சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் டிஎன்பிஎல் கிரிக்கெட்டுக்கு இரவு விளக்கு எரிகிறது. பந்தை உதைக்கிறவனுக்கு இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டும் என்ற நல்லொழுக்கம் கிடைத்திருக்கிறது. நடவாத கனவில் எங்கள் பிள்ளைகள் வயதைத் தொலைத்துவிடாமல் நீங்கள் காத்தீர்கள். அவர்களைப் பெற்றவர்கள் உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று கீழே போகப் போகத் தண்ணீருக்கான சண்டை கூடும். ஆனாலும் கடைமடை விவசாயிக்கு உரிமை என்று ஒன்று இருக்கிறது. கலெக்டர் அலுவலக வாசலில் நின்று அவன் கேட்கலாம். உங்கள் பணப் பாசனத்தில் கடைமடை என்பதே வரைபடத்தில் கிடையாது. இல்லாத வயலுக்குத் தண்ணீர் கேட்டு யார் நிற்பார்கள்? அதனால்தான் உங்கள் வாசல் இவ்வளவு அமைதியாக இருக்கிறது.

போட்டித்தன்மையை நீங்கள் வளர்த்த விதத்துக்குத் தேசிய அணியே சாட்சி. வெற்றி அவசரத்தில் ஒவ்வொரு கிளப்பும் கோல் போடும் வேலையை வெளிநாட்டவருக்குக் கொடுத்தது. 2024–25இல் அதிக கோல் போட்டவர் மொராக்கோவின் அஜாராயி, 23 கோல். இந்தியர்களில் முதலிடம் 14 கோல் போட்ட 40 வயது சுனில் சேத்ரிக்கு. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற அந்த மனிதரையே 2025 மார்ச்சில் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 145 கோடிப் பேர் உள்ள நாட்டில் அவர் இடத்தில் நிற்க ஒரு இளைஞன் இல்லை. 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் தோற்று 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1–0 தோல்வி. அந்த மாதத் தரவரிசையில் 142ஆம் இடம். கீழே விழும் பயம் இல்லாத லீக்கிலிருந்து போன ஆட்டக்காரர்கள், விழுந்தால் எழ முடியாத ஆட்டங்களில் என்ன செய்வார்கள் என்பதை உலகமே பார்த்தது.

கடைசியாக உங்கள் தொலைநோக்கு. 2010இல் 15 ஆண்டுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, இந்தியக் கால்பந்தின் வணிக உரிமை ஒரே கைக்குப் போனது. 2025 டிசம்பர் 8 அன்று ஒப்பந்தம் முடியும் என்பது கையெழுத்திட்ட நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆண்டு ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. புது டெண்டருக்கு நவம்பரில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஆடுவதற்கு ஆட்டமில்லாமல் இருந்த அந்த டிசம்பரில்தான் மெஸ்ஸி கொல்கத்தாவுக்கு வந்தார். அவர் சற்று நேரம் மைதானத்தில் நிற்பதைப் பார்க்க மக்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்தார்கள்; சரியாகப் பார்க்கக்கூட முடியாமல் நாற்காலிகளை உடைத்தார்கள். இந்த நாட்டில் கால்பந்துக்குப் பணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. கையசைக்கப் பணம் இருக்கிறது, ஆடத்தான் இல்லை.

பாராட்டு முடிந்தது. ஒரு பாராட்டை மட்டும் இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்; அதைப் பெற நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் லீக்கில் கடைசியில் நின்ற அணி, அதன் முதலாளி எவராக இருந்தாலும், கீழே இறங்க வேண்டும். உச்சியில் வரும் பணத்தில் ஒரு பங்கு, விதியாக எழுதப்பட்டு, மாவட்ட லீக்குகள் வரை வர வேண்டும். சிறு கிளப் தாங்கும் அளவுக்கு உரிமக் கட்டணமும் நிபந்தனையும் குறைய வேண்டும். அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ தொடங்கும் ஒரு அணி, வெறும் ஆட்டத்தாலேயே மாவட்டம், மாநிலம், நாடு என்று ஏறி உங்கள் அரங்குக்குள் வர வேண்டும். அப்படி வந்து தோற்றாலும் எங்களுக்குச் சம்மதம். கீழே இறங்கினாலும் கூடவே இறங்குவோம். இதை நீங்கள் செய்த அன்று இன்னொரு மடல் எழுதுவேன். அதில் வஞ்சம் இருக்காது.