ஆல்கே தொட்டியைக் கவிழ்க்க ஆறு எளிய வழிகள்

மரக்காணம் பக்கம் இறால் ஹேச்சரி நடத்துகிறவர்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஸ்கெலிட்டோனீமா என்ற நுண்பாசியைக் கொடுத்துச் சோயா பருவ இறால் குஞ்சுகளைக் கரையேற்றிய கதையை ஜப்பானின் ஃபுஜினாகா 1942-இல் எழுதி வைத்தாலும் வைத்தார், அன்று பிடித்தது வேலை. விடுமுறை வேண்டுமா? ஆல்கே கல்ச்சரைக் கெடுங்கள். முட்டை பொரிந்ததும் வரும் நாப்ளிக்கு உடம்பிலேயே மஞ்சள் கரு கையிருப்பு உண்டு, தீனி கேட்காது. அடுத்த பருவமான சோயா வாய் திறந்ததும் கீட்டோசெராஸ் நுண்பாசி கேட்கும். அங்கேதான் கைவைக்க வேண்டும்.

1. தண்ணீர்: குளோரின் போட்ட கடல்நீரைத் தயோசல்பேட்டால் முறித்தோமா என்று மெனக்கெட வேண்டாம். ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டதும் மஞ்சளானால், மங்களகரம் என்று பாசி விதையை ஊற்றுங்கள். மிச்ச குளோரின் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

2. உரம்: கீட்டோசெராஸ் ஓடு கட்ட சிலிக்கேட் வேண்டும். ஆகவே சிக்கனத்தைச் சிலிக்கேட்டிலிருந்து தொடங்குங்கள்.

3. படிகள்: டெஸ்ட் டியூப், ஃபிளாஸ்க், கார்பாய், பிறகு தொட்டி என்று ஏறுவது பொறுமைசாலிகளுக்கு. நீங்கள் ஃபிளாஸ்க்கை நேரே ஒரு டன் தொட்டியில் கவிழ்த்துவிடுங்கள். பாசி பெருகுவதற்குள் சிலியேட்டுகள் பந்தியில் உட்கார்ந்துவிடும்.

4. சுத்தம்: வெளித்தொட்டியில் நனைத்த கையோடு ஸ்டாக் அறைக்குள் நுழையுங்கள். அங்கே ஏ.சி.யில் 24 டிகிரி வைத்திருப்பது உங்கள் மதியத் தூக்கத்துக்காகத்தான்.

5. காற்று: ராத்திரி புளோயர் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதா? அணைத்துவிடுங்கள். கீட்டோசெராஸும் அடியில் படிந்து படுத்துக்கொள்ளும்.

6. அறுவடை: வேகமாகப் பெருகும் பருவத்தில் தொடாதீர்கள். பொன்பழுப்பு வெளிறி, நுரை கட்டி, திரிதிரியானதும் ஊற்றுங்கள். சோயா தொட்டியில் மில்லிக்கு 80,000 செல், 1 லட்சம் செல் என்று ஹீமோசைட்டோமீட்டரில் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்? ‘ரெண்டு வாளி’யும் அளவுதானே!

பலன் தெரிய, பீக்கரில் கொஞ்சம் சோயாவை மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். வயிறு நிறைந்த சோயா, நூல் போல நீண்ட கழிவைப் பின்னால் இழுத்துக்கொண்டு நீந்தும். நூலையே காணோம் என்றால் காரியம் கைகூடிவிட்டது. சோயாவுக்கு அடுத்த பருவமான மைசிஸுக்கு வாங்கி வைத்த ஆர்டீமியா டப்பாவைப் பிரிக்கிற வேலையும் மிச்சம்.

ஆல்கே அறையில் மிச்சம் பிடித்த காசைச் சோயா தொட்டியில் வட்டியோடு கட்டத் தயாரானவர்கள் இன்றே தொடங்கலாம். மற்றவர்கள் இந்த ஆறையும் தலைகீழாகச் செய்யுங்கள். செலவு அதுதான் குறைவு.