மனு என்னும் தன்வரலாறு

உடல் முடங்கிய வாழ்வைப் பற்றி விழுப்புரம் மாவட்டத்தில் ஓயாமல் எழுதப்படும் தன்னனுபவக் கட்டுரை, மனு. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கி, “நான்” என்றே விரியும். பல சமயம் எழுதுபவர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மேசை போட்டிருப்பவர், நோய் அவருடையதன்று. காதலுக்கும் போருக்கும் கிடைத்த இடம் இலக்கியத்தில் நோய்க்குக் கிடைக்கவில்லையே என்று 1926இல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் வியந்தார். இந்த மனுக்கள் குவியும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தை அவர் பார்த்ததில்லை.

இந்த இலக்கிய வகையில் உவமைக்கு இடமில்லை. வலியை மருத்துவர் விழுக்காடாகச் சுருக்கித் தந்துவிடுகிறார். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்ற குறைபாடுகள் 7. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பார்கின்சன், ஹீமோபிலியா உள்ளிட்டவற்றைச் சேர்த்து 21 ஆக்கியது. ஆனால் வேலையில் இடஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 40 விழுக்காடு வேண்டும். 39 இலக்கியத்துக்கு மட்டுமே உதவும். நாளுக்கு நாள் கூடிக்குறையும் நோய்க்காரர் பரிசோதனை நாளில் நன்றாக நடந்துவிட்டால் கட்டுரை கெட்டது.

திண்டிவனத்துக்காரரின் கட்டுரைக்கு, விழுப்புரம் ஆட்சியர் அலுவலகம் வரை, சுமார் 40 கிலோமீட்டர் முன்னுரை உண்டு. பேருந்துப் படிக்கட்டின் உயரம் தனி. விமர்சனமாக ஓர் ஒப்புகைச் சீட்டு வரும்.