கிடைக்காத காலமும் மறக்கிற காலமும்

என் சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது 1994-ல். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்குள் வயிறு அடைத்துவிடுகிறது, இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவரை, சித்திதான் வம்பாக டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அவரைப் படுக்க வைத்து, விலா எலும்பின் ஓரத்திலிருந்து தொப்புள் பக்கமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். வீங்கிய மண்ணீரல் முடியும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, டேப் வைத்து அளந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு மேலே போயிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் குடும்பத்தின் வேலை. குளித்தாலும் போகாத அந்த நீலக் கோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே சித்தப்பா வேலைக்குப் போனார்.

நோயின் முழுப் பெயர் குரோனிக் மைலாய்டு லுக்கேமியா. ஓபியில், அதாவது புறநோயாளிகள் பிரிவில், எல்லோரும் சிஎம்எல் என்பார்கள். அப்போது கொடுத்தது ஹைட்ராக்சியூரியா. வெள்ளணுக்களின் எண்ணிக்கையை அது இறக்கும், மண்ணீரலைச் சுருக்கும். நோயின் வேரைத் தொடாது. அடுத்தது இன்டர்ஃபெரான் ஊசி. போட்ட ராத்திரி குளிரும் காய்ச்சலும் வந்து, இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குவார். மூன்றாவது வழி எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சிஎம்சியில் 1986-லிருந்தே அதைச் செய்துவந்தார்கள். ஆனால் பொருந்துகிற உடன்பிறப்பு வேண்டும். அப்பாவுக்கும் பொருந்தவில்லை, அத்தைக்கும் பொருந்தவில்லை. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் இருப்பார்கள் என்பதுதான் கணக்கு. சித்தப்பாவுக்கு அதுகூட முழுதாக வாய்க்கவில்லை. மூன்றாம் வருஷம் நோய் முற்றிய கட்டத்துக்குப் போனது. ஆறே வாரத்தில் எல்லாம் முடிந்தது.

2003-ன் கடைசியில் அதே பெயர் என் ரிப்போர்ட்டில் வந்தது. சித்தப்பாவிடமிருந்து வந்ததா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை, இது பரம்பரையாக வரும் நோய் அல்ல, ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தது தற்செயல் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். "உங்க சித்தப்பா காலத்துல இல்லாத மாத்திரை இப்ப இருக்கும்மா."

அந்த மாத்திரையின் கதை எனக்குப் பின்னால்தான் முழுதாகத் தெரிந்தது. 1960-ல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். குட்டையானதன் காரணத்தை 1973-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை இடம் மாற்றிக்கொள்கின்றன. அந்த ஒட்டில் பிசிஆர்-ஏபிஎல் என்ற புது மரபணு உருவாகிறது. அது செய்யும் புரதம், அணைக்க முடியாமல் மாட்டிக்கொண்ட சுவிட்ச் போல, வெள்ளணுவைப் பெருகு பெருகு என்று விரட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துவதுதான் இமாட்டினிப். நிக்கோலஸ் லிடன் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள், பிரையன் ட்ரூக்கர் நோயாளிகளிடம் கொண்டுவந்தார். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சித்தப்பா போய் நாலு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மாத்திரை இருந்தது, வாங்குகிற விலையில் இல்லை. நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிளிவெக் மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் 8,000, 10,000 ரூபாய்க்குச் செய்ய முடிந்தது. ஆனால் 2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்ததால், அவற்றில் சிலவற்றுக்குத் தடை வந்தது. காப்புரிமை வழக்கு பெரும்பகுதி நம் சென்னையில்தான் நடந்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் கம்பெனியின் வழக்கு தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடிவாக மறுத்தது. பழைய மருந்தையே கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்தால், அதனால் சிகிச்சைப் பலன் கூடுகிறது என்று காட்டாமல் காப்புரிமை கிடையாது என்கிற 3(டி) பிரிவு நின்றது. அன்று ஓபியில் வக்கீல் படிப்பு படிக்காத எத்தனையோ பேருக்கு அந்தப் பிரிவின் எண் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலையை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்த அதே நிறுவனத்தின் இலவச உதவித் திட்டத்தில்தான் இந்தியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் மருந்து வாங்கினோம். நானும் வாங்கினேன். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், டாக்டர் கையெழுத்து, குரோமோசோம் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, திருச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் சென்னை போவேன். மருந்து கைக்கு வந்ததும் பையின் அடியில் வைத்து, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்புவேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட ஒரு வேளை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு மாத்திரை கைதவறிக் கட்டிலுக்கடியில் உருண்டுபோனால், வீடே குனிந்து தேடும்.

இப்போது அதே மருந்து ஊருக்கு ஊர் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. விலை பல மடங்கு இறங்கிவிட்டது. தெருமுனை மருந்துக்கடைக்காரரே வரவழைத்துக் கொடுக்கிறார். சித்தப்பா பார்க்காமல் போன இந்த நாளை நானாவது பார்க்கிறேன் என்று சந்தோஷப்படுகிறேன். ஆனால் இன்றைக்கு ஓபியில் டாக்டர்கள் அதிகம் கவலைப்படுவது மருந்து கிடைக்காதவர்களைப் பற்றி அல்ல. வீட்டில் அட்டை அட்டையாக இருந்தும் போடாதவர்களைப் பற்றி.

அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் கவுன்ட் சரியாகிறது, மண்ணீரல் சுருங்குகிறது, பசி எடுக்கிறது. உடம்பில் நோய் இருக்கிற அடையாளமே இல்லை. தெரிகிற தொந்தரவெல்லாம் மாத்திரையால் வருகிறது. காலையில் கண்ணாடி பார்த்தால் இமைகள் வீங்கியிருக்கும். நடு ராத்திரி கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். குமட்டும். இப்படி இருக்கிற ஒருத்தரிடம் வருஷக்கணக்காகத் தினமும் விழுங்கு என்று சொல்வது லேசான காரியம் இல்லை. புதிதாகக் கல்யாணமான பெண்கள் மாமியார் வீட்டில் தெரியக் கூடாது என்று அட்டையைப் புடவை மடிப்பில் ஒளித்து வைக்கிறார்கள். விருந்தாளி வந்த நாளில் எடுக்க முடிவதில்லை. இந்த மருந்து சிலருக்குத் தோல் நிறத்தை வெளுக்கச் செய்யும். எனக்கும் செய்தது. "என்ன கிரீம் போடுறே?" என்று தெருவில் கேட்டார்கள். மாத்திரை என்று சொல்ல எனக்கு ரொம்ப நாள் வாய் வரவில்லை.

போன மாதம் ஓபியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். லாரி ஓட்டுகிறார். "லோடு ஏத்திக்கிட்டு நாசிக் போயிட்டா மாத்திரை ஞாபகமே இருக்காதுக்கா. மாசத்துல நாலஞ்சு நாள் விட்டுப்போகும். உடம்பு நல்லாத்தானே இருக்கு, என்னக்கா ஆயிடும்?" என்றார்.

என்ன ஆகும் என்பதற்கு அளந்து பார்த்த விடை இருக்கிறது. லண்டனில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இந்த மருந்து சாப்பிட்டுவந்த 87 பேருடைய டப்பா மூடியில் சிப் வைத்து, எந்த நாள் திறந்தார்கள், எந்த நாள் திறக்கவில்லை என்று மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். 2010-ல் முடிவு வெளிவந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில், ஆறு ஆண்டில் நோய் நல்ல ஆழத்துக்கு அடங்குவதற்கான வாய்ப்பு 94.5 சதவீதம். தொண்ணூறோ அதற்குக் கீழோ போட்டவர்களுக்கு 28.4. தொண்ணூறு சதவீதம் என்றால் மாதத்துக்கு மூன்று நாள் விடுவது, அவ்வளவுதான். எண்பதுக்குக் கீழே போனவர்களில் அந்த அளவுக்கு அடங்கியவர் ஒருவர்கூட இல்லை. இந்தக் கணக்கைச் சொன்னதும் அவர் தன் விரலில் எண்ணிப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

அவரிடம் நான் விளக்கமாகப் பேசியது இதைத்தான். இமாட்டினிப்பை வயிறு நிறையச் சாப்பிட்ட சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துப் போட வேண்டும். போட்டதும் படுக்கக் கூடாது. குமட்டல் பாதி அதிலேயே குறையும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. வாந்தியோடு வெளியே வந்துவிட்டாலும் உடனே இன்னொன்றை எடுத்து விழுங்கக் கூடாது. அடுத்த வேளைக்குப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அட்டை வாங்கியதும் 400 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். கம்பெனி மாறினால் அட்டையின் நிறம் மாறும், மில்லிகிராம் மாறக் கூடாது. லாரி கேபினில் வெயில் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது. 30 டிகிரிக்கு மேல் சூடேறாத இடம் வேண்டும். மாத்திரையை வீட்டில் யாரும் நுணுக்கக் கூடாது, முக்கியமாகக் கர்ப்பிணிகள் நுணுக்கிய தூளைத் தொடக் கூடாது. பெண் நோயாளிகள் குழந்தை வேண்டும் என்று நினைத்தால் முன்னாடியே டாக்டரிடம் பேச வேண்டும். மருந்து சிசுவைப் பாதிக்கும்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கு வெறும் வயித்துலன்னு சொன்னாங்களே" என்றார். அவர் சாப்பிடுவது நைலோட்டினிப். அவர் சொன்னது சரி. அந்த மருந்துக்கு முன்னால் இரண்டு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். ஒரே நோய், ஒரே பெஞ்ச், நேரெதிர் விதி. அதனால்தான் பக்கத்திலிருப்பவர் சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்ளக் கூடாது என்று நான் எப்போதும் சொல்வது. நான் சொன்னதையும் அவர் டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

அதேபோல், மற்ற மருந்துகளைப் பற்றியும் நம் ஊரில் அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இரண்டும் இமாட்டினிப்பைக் கல்லீரலில் சீக்கிரமே கரைத்து வெளியே தள்ளிவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் அதன் அளவைக் கூட்டிவிடும். கிரேப்ஃப்ரூட் சாறும் அப்படியே. அதன் உறவான பம்பளிமாஸையும் நான் தள்ளியே வைத்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் கொடுக்கிற லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கொடுப்பவருக்கு நாம் எதைச் சாப்பிடுகிறோம் என்றே தெரியாது.

எடையையும் பார்க்கச் சொல்வேன். சில நாளில் மளமளவென்று எடை கூடினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த ஓபி தேதி வரை காத்திருக்கக் கூடாது. தொந்தரவு தாங்கவில்லை என்றால் தானாக நிறுத்தாமல் சொன்னால் போதும். டோஸைக் குறைக்கவும், வேறு மருந்துக்கு மாற்றவும் டாக்டர்களிடம் வழி இருக்கிறது.

இப்போது மண்ணீரலை அளந்து பேனாக் கோடு போடுகிற வேலை குறைந்துவிட்டது. அதற்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ரத்தத்தில் அந்த பிசிஆர்-ஏபிஎல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. மூன்றாம் மாதம் பத்து சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் ஒன்றுக்குள், ஒரு வருஷத்தில் 0.1-க்குள் வர வேண்டும் என்பது இலக்கு. மாத்திரையையே நிறுத்திவிடலாமாமே என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. பிரான்சில் அதைச் செய்து பார்த்தார்கள், உண்மைதான். ஆண்டுக்கணக்கில் பரிசோதனையில் நோயே தென்படாதவர்களைத் தேர்ந்தெடுத்து, டாக்டர் கண்காணிப்பில் நிறுத்தினார்கள். அதிலும் பத்துப் பேரில் ஏறக்குறைய நாலு பேருக்குத்தான் நோய் திரும்பாமல் இருந்தது. திரும்பியவர்களை அடிக்கடிப் பரிசோதித்துக்கொண்டே இருந்ததால்தான் உடனே பிடிக்க முடிந்தது. லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது விட்டுப்போவது இந்தக் கணக்கில் சேராது.

அந்தத் தம்பிக்கு அன்றைக்கே டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொடுத்தார். வண்டி எங்கே நின்றாலும் ராத்திரிச் சாப்பாடு உண்டு என்பதால், அந்த வேளை. ஒரு அட்டை சட்டைப் பையில், இன்னொன்று கிளீனரிடம். கிளீனருக்கு விஷயம் தெரியும், அது நல்லது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லையாம். அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தம்பியுடைய மூன்று மாத ரிப்போர்ட் அன்றைக்குத்தான் வரும்.