நகரும் சின்னங்கள் குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு நகர மையத்தைச் சுற்றிக்காட்டும் சம்பளமில்லா வழிகாட்டி, சிங்கப்பூர்.

பெறுநர்: பழையதைப் புத்தம் புதிதாக வைத்திருக்கும் உயரதிகாரி அவர்கள்.

பொருள்: சின்னங்களின் பணியிட மாற்றம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் பாராட்டு. 1928இல் எழுந்த ஃபுல்லர்ட்டன் தபால் நிலையம் இன்று ஓட்டல். கன்னிமாடப் பள்ளி இன்று சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்களும் மதுக்கூடங்களும். பழைய உச்ச நீதிமன்றம் ஓவியக்கூடம். தூண் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. உள்ளே நடந்த வேலைதான் இல்லை. "தபால் எங்கே போடுவது?" என்று கேட்கும் பெரியப்பாக்களை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

என் சிரமம் வேறு. இங்கே சிலைகளுக்கும் அரசு ஊழியரைப்போல டிரான்ஸ்ஃபர் உண்டு. நவீன சிங்கப்பூரை நிறுவியவராகச் சொல்லப்படும் ராஃபிள்ஸ், வெண்கலமாக 1887இல் பாடாங் திடலில் பணியேற்று, 1919இல் எம்பிரஸ் பிளேசுக்கு மாற்றலானார். ஜப்பானியர் ஆட்சியில் அருங்காட்சியகத்தில் நீண்ட விடுப்பு. 1946இல் மீண்டும் பணி. சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் 1972இல் சிங்கப்பூர் நதி முகத்தில் நின்றது. 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து அதை மறைத்தது. பாலம் போட்டபோது யாருக்கும் சிங்கம் கண்ணில் படவில்லையா என்று நான் கேட்கமாட்டேன். 2002இல் 120 மீட்டர் தள்ளி வைத்தாயிற்று, அவ்வளவுதான்.

நகர மறுப்பவர்களின் கதியும் தெரியும். நதி வாயில் ஒரு கல்வெட்டுப் பாறை இருந்தது. ஏறத்தாழ ஐம்பது வரிகள், இன்றுவரை எவராலும் படிக்க முடியாதவை. 1843இல் இடம் அகலப்படுத்த வெடிவைத்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் பத்திரமாக இருக்கிறது. படிக்க முடியாததைப் பாதுகாப்பதில் என்ன கஷ்டம்?

படிக்க முடிகிற ஒன்றும் உண்டு. 1850இல் இந்திய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு வந்துபோனதற்கு எழுப்பிய கூம்புத் தூணில் ஆங்கிலம், சீனம், ஜாவி ஆகியவற்றோடு தமிழும் வெட்டியிருக்கிறார்கள். தடையற்ற வணிகத்தின் நன்மையை வியாபாரிகளுக்கு எடுத்துச்சொல்லும் வாசகம். எங்கள் ஆட்கள் மெர்லயனிடம் செல்ஃபி எடுத்துவிட்டு, இங்கேதான் எழுத்துக்கூட்டி நிற்பார்கள். அந்தத் தூணும் இடம் மாறியதுதான்.

அடுத்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் முரட்டுச் சர்க்கரையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்து, காய்ந்தபின் தேய்த்து மெருகேற்றிய மெட்ராஸ் சுண்ணாம்பு அது. பூசியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள். 1862இல் அபிஷேகமான கோயில் இது. கிளாஸ்கோவிலிருந்து வந்த இரும்பைப் பூட்டிக் கேவனா பாலத்தை நிறுத்தியதிலும் அந்தக் கைதிகளின் கை உண்டு. அவர்களுக்குச் சிலை இல்லாததால் மாற்றல் தொல்லையும் இல்லை. இந்தச் சலுகைக்கு நன்றி.

நாராயண பிள்ளைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்து செங்கல் சூளை போட்டவர், 1827இல் மாரியம்மன் கோயிலை நிறுவியவர். ராஃபிள்ஸ் வந்த 200ஆம் ஆண்டான 2019இல், நதிக்கரையில் ராஃபிள்ஸ் பக்கத்தில் அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். சில நாளில் எடுத்தும்விட்டார்கள். தற்காலிக ஊழியர்போலும். ராஃபிள்ஸ் அங்கே இரண்டு பேர்: எம்பிரஸ் பிளேசில் கறுப்பு, கூப்பிடு தூரத்தில் வெள்ளை. இரண்டு ராஃபிள்ஸுக்கு இடமிருக்கும் கரையில் அரைப் பிள்ளைக்காவது இடம் ஒதுக்க முடியாதா?

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளைப் பற்றிப் பேச எனக்குத் தைரியமில்லை. வட்டிக்கடைச் செட்டியார்கள் உட்கார்ந்த கட்டடங்களை இடித்தாயிற்று. நதிக்கரையில் செட்டியாருக்கு வெண்கலச் சிலை வந்தாயிற்று. கணக்கு நேராகிவிட்டது என்கிறீர்கள். செட்டியார் ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம்.

ஆகவே, எந்தச் சின்னம் எந்த ஆண்டு எங்கே இருக்கும் என்று பணி மாற்றப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். உறவினர்கள் விமான டிக்கெட் எடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வழிகாட்டி

பி.கு.: கேவனா பாலத்தில் மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் எல்லா மாடு, குதிரைகளுக்கும் தடை என்ற பழைய பலகை இன்னும் நிற்கிறது. பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுக்கு வரும் மாடுகளுக்கும் நகர மையத்தைக் காட்டலாமென்று இருக்கிறேன். அவை நதியைக் கடக்கப் படகுக்கு எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்?