பேய்க்கு மார்க் போடுகிறவர்

அரநாயக்கப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று எழுதினால், "அது எங்க தோட்டத்துப் பையன்ல்ல?" என்று மாவனெல்லையிலிருந்து இரத்தினபுரி வரைக்கும் ஆள் கேட்பார்கள். தோட்டத்துக்கு ஒருவர் நிச்சயம். வயது முப்பதுக்குள். புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்று பார்த்துச் சரிவராமல் திரும்பியவர். கறுப்பு டீசேர்ட், ஒரு பக்கம் மட்டும் கேட்கிற இயர்போன். பேய்ப்படம், அடிதடிப்படம், கல்ட் படம் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் பொட்காஸ்ட் போடுகிறார். குடும்பப் படம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கல்ட் என்றால் என்ன என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள், பஸ் போய்விடும். நான் கவனித்த வரையில் விதி சுலபமானது: படம் வந்தபோது ஓடியிருக்கக் கூடாது. 2011இல் தியேட்டரில் காற்று வாங்கிய 'ஆரண்ய காண்டம்' அவருக்கு வேதம். ஆனால் பக்கத்து லயத்துத் தம்பி, "நானும் பார்த்தேண்ணே, நல்லாருக்கு" என்று சொன்ன அன்றே அதன் மீது அவருக்கு ஒரு சலிப்புத் தட்டிவிட்டது. நாலு பேருக்குப் பிடித்தால் அப்புறம் அது என்ன கல்ட்?

தான் பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவதுதான் அவருடைய தனித்திறமை. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'நான் உங்கள் தோழன்' 1978இல் வந்தது. தாத்தா சொல்லக் கேட்டதோடு சரி. அதனாலென்ன, ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். குறை சொல்ல மாட்டேன், இந்த மண்ணில் அதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா 'திரைவிருந்து' நடத்திய காலத்தில், குரலைக் கேட்டே படம் பார்த்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். என்ன, ராஜா படத்தைவிடச் சுருக்கமாகப் பேசினார்.

பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) வந்தால் குரல் தழுதழுக்கும். "அவர் நம்ம மட்டக்களப்பு, அமிர்தகழி" என்பார், ஏதோ சித்தப்பா மகனைச் சொல்வதுபோல. 'மிருதன்' (2016) தமிழின் முதல் ஸோம்பி படம் என்று யாராவது சொன்னால் போச்சு. வேலு பிரபாகரன் 1989இலேயே 'நாளைய மனித'னில் செத்தவனை எழுப்பிவிட்டார் என்று பாய்வார். இந்த வாதத்தில் அவரை மடக்கியது அவருடைய ஆயாதான். "என்னாடா பெரிய மொதல்? வருஷா வருஷம் மாசியில காமன எரிச்சு நம்மாளுக உசுரு எழுப்பலியா?" அந்த வாரம் எபிசோட் வரவில்லை.

ஒலிப்பதிவு இரவு பத்து மணிக்கு மேல், கம்பளிப் போர்வைக்குள். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் கூரை வரை போகாது. "இத்தனை கொலையையும் செய்தது யார், நேயர்களே?" என்று இவர் நிறுத்தினால், "தெரியும், நீ தூங்கு" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து பதில் வரும். அதையும் வெட்டாமல் விட்டுவிடுவார், நேயர் பங்கேற்பு என்று.

எல்லாப் பயத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் உண்டு. கன மழை இரவுகளில் மட்டும் பேய்ப்படம் கிடையாது. 2016 மே 17இல் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன ஊர் இது. தகரத்தில் மழை இறங்கினால் எல்லாரும் மலைப் பக்கம்தான் காது கொடுப்பார்கள், இவரும்தான். அதற்கு அவர் மார்க் போட்டதில்லை.

சாம் ரெய்மியின் 'ஈவில் டெட்' (1981) பற்றிப் பேசியபோதுதான் வினை வந்தது. ரெய்மியிடம் காசில்லை. கமராவைப் பலகையில் பூட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓட, திரையில் பேய் பாய்ந்து வருவதுபோல் விழுந்தது. கேட்க எளிதாகத்தானே இருக்கிறது? நம்மவர் வீட்டு வாங்குப் பலகையைக் கழற்றி, சைக்கிள் டியூப்பால் ஃபோனைக் கட்டி, இரண்டு பொடியன்களை ரப்பர் மரங்களுக்கிடையே ஓடவிட்டார். விடியற்காலை பால் வெட்டி முடிந்த நேரம். பலகை போன வழியில் நாலைந்து சிரட்டை கவிழ்ந்து பாலெல்லாம் மண்ணில். எதிரே கங்காணி.

"என்னா தம்பி இது?"

"பேய் வர்ற மாதிரி எடுக்கிறோம், கங்காணி மாமா."

"வரட்டும். கொட்டுன பாலுக்கு அதையே பிரட்டுல வந்து கணக்குச் சொல்லச் சொல்லு."

ஃபோன் எல்லாவற்றையும் பிடித்திருந்தது. கடைசியாகத் திரை முழுக்க வரும் கங்காணியின் முகத்துக்கு அவர் கொடுத்தது பத்துக்கு ஒன்பதரை. இதுவரை எந்தப் பேயும் வாங்காத மார்க்.

இத்தனை உழைத்தும் கேட்பவர்கள் கூடவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஓடிய படத்துக்கே இறங்கினார்: 2005இன் 'சந்திரமுகி'. முடிவை மறைத்து, மேலறையை மெதுவாகத் திறந்து, கொலுசுச் சத்தம் எல்லாம் வைத்து நாற்பது நிமிடம் இழுத்தார். அந்த நேரம் பார்த்து பிளேன்டீயோடு அம்மா வந்தார். "பேயும் இல்ல ஒன்னும் இல்ல. ஜோதிகா புள்ளைக்குத்தான் மனசு சரியில்ல. டீ ஆறுது."

அந்தத் துண்டு மட்டும் குவைத்தில் வீட்டுவேலை செய்கிற அத்தை வரைக்கும் வட்ஸ்அப்பில் சுற்றியது. நேயர்கள் இப்போது அம்மாவைத்தான் கேட்கிறார்கள். அம்மாவும் சும்மா இல்லை. "அடுத்த வாரம் என்னா படம்?" என்று விசாரிக்கிறார்.

"அது சஸ்பென்ஸ்ம்மா. யாருக்கும் சொல்றதில்ல."

"படத்துப் பேரச் சொன்னாத்தானேடா நான் முடிவச் சொல்ல முடியும்?"